அப்டேட் வரட்டும், நேரத்தை நான் குறிக்கிறேன்

இரவு முழுவதும் ஓட வேண்டிய கணக்கீடுகளைக் கணினியிடம் விட்டுவிட்டுப் போவது என் வேலையின் இயல்பு என்பதால், விண்டோஸ் அப்டேட்டுக்காக நான் சொல்லாமல் அது ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்று ஏற்பாடு செய்ய முனைந்தேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை அறவே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. ஆகவே, அப்டேட் சேவையையே முடக்கும் குறுக்குவழிகளை நான் தொடவில்லை.

என்னிடம் இருப்பது விண்டோஸ் புரோ பதிப்பு. செட்டிங்ஸில் உள்ள ஆக்டிவ் அவர்ஸ் வசதியில், ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரமாக 18 மணி நேரம் வரைதான் குறிக்க முடியும். மீதி 6 மணி நேரம் திறந்தே கிடக்கும். அப்டேட்டை 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்றாலும், கெடு முடிந்தபின் நிலுவையில் உள்ளவற்றை நிறுவினால்தான் மறுபடி நிறுத்த முடியும். இவை முடிவைத் தள்ளிப்போடுகின்றனவே தவிர, அதை என் கையில் தருவதில்லை.

அதற்கான இடம், விண்டோஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர். அதில் கம்ப்யூட்டர் கன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ் வழியாக விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, 'கன்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்னும் விதியை இயக்கினேன். அங்கே 2 என்பதைத் தேர்ந்தால் பதிவிறக்கும் முன்பே கணினி கேட்கும். 3 என்றால் பதிவிறக்கிவிட்டு, நிறுவும் முன் கேட்கும். 4 என்றால் குறித்த நேரத்தில் தானே நிறுவிக்கொள்ளும். நான் 2-ஐத் தேர்ந்தேன். ஒருவர் லாகின் செய்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும் தனி விதி ஒன்றும் அருகிலேயே இருக்கிறது. அது 4-உடன் சேர்ந்தால் மட்டுமே வேலை செய்யும் என்பதைக் கவனிக்காமல், அதை மட்டும் இயக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

புதிய பதிப்புகளை 365 நாள் வரையும், மாதாந்திரத் திருத்தங்களை 30 நாள் வரையும் ஒத்திவைக்க வழி உண்டு. முன்னதற்கு முழுக் கெடுவையும் வைத்தேன். பின்னதற்கு ஒரு நாள்கூட வைக்கவில்லை. கேட்டுவிட்டு வரும் திருத்தத்தைத் தாமதப்படுத்த எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்த எடிட்டர் ஹோம் பதிப்பில் இல்லை. சொந்தக் கணினி எப்போது நிற்கலாம் என்று சொல்லும் உரிமை, வாங்கிய பதிப்பைப் பொறுத்து மாறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாற்றங்களுக்குப் பின், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பு அப்டேட் பக்கத்தில் தோன்றும். தனியாள் கணினியிலும் அப்படித்தான் வரும். விதி நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். திருத்தங்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியாவதால், அந்த வாரத்தில் நீண்ட கணக்கீடு எதையும் தொடங்காமல், அறிவிப்பு வந்ததும் நிறுவி, நானே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறேன்.