குடியாத்தம் பத்திரம்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

வாக்காளர் பட்டியலைத் திருத்தும் எஸ்.ஐ.ஆர் படிவம் வந்ததிலிருந்து வேலூரில் எந்தத் தெருவில் நின்றாலும் இதே பேச்சுதான். 2002–2005 காலத்துப் பழைய வாக்காளர் பட்டியலில் நம் பேர் இல்லையென்றால் அப்பா அம்மா பேரைத் தேடிப்பிடித்து, பாகம் எண், வரிசை எண்ணோடு எழுத வேண்டும். என்னைத் தத்தெடுத்து வளர்த்த நைனா பேர் உடனே கிடைத்தது. அடுத்த வரியிலேயே அம்மா. படிவத்தை நிரப்பியாயிற்று.

அப்புறமும் போனைக் கீழே வைக்க மனசு வரவில்லை. என்னைப் பெற்ற இரண்டு பேரின் பேரும் எனக்குத் தெரியும். ஊரும் தெரியும். அவர்களும் ஓட்டுப் போட்டிருப்பார்கள் அல்லவா?

நவம்பர் 12, புதன்

பீரோவிலிருந்து தத்துப் பத்திரத்தை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். “ரெண்டு பேருமே இப்ப இல்லன்னு கேள்விப்பட்டேன். சொந்தக்காரங்க இருப்பாங்க. போறதுன்னா போ, தனியா போகாத” என்றாள். எங்கள் வீட்டில் இது என்றைக்குமே ரகசியம் இல்லை.

1984-இல் குடியாத்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. ‘வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா’ என்று தொடங்குகிறது. அந்த மாவட்டம் 1989-இல் இரண்டாகி, மிச்சமிருந்த வேலூரும் 2019-இல் மூன்றாகிவிட்டது. 1956-ஆம் வருஷச் சட்டப்படி அன்றைக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்கு. தாய் சம்மதித்தால் போதும். பத்திரமும் அப்படியே இருக்கிறது. அவர் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் கைநாட்டு. மை அதிகமாகிப் பாதி ரேகை அப்பிவிட்டது. மறுபாதியில் சுழி தெளிவாகத் தெரிகிறது. கொடுத்த காரணம் ஒரே வரி: ‘குடும்ப கஷ்டத்தை உத்தேசித்து’. பத்திர எழுத்தர் எல்லோருக்கும் எழுதும் வரியாகவும் இருக்கலாம்.

இந்தப் பேராவது எனக்கு இருக்கிறது. ஏஜென்சி வழியாகப் போன பிள்ளைகளுக்கு இதுவும் கிடையாது. வளர்ந்த பிறகு ஏஜென்சியிடமோ மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவிடமோ விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பெற்றவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்றால் சொல்ல மாட்டார்கள். அந்த விதி நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் அந்த வரிசையில் நிற்காததால் சுலபமாகச் சொல்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

என்னைப் பெற்றவர்களின் ஊர் பரதராமி போகிற பக்கம். பேரை இங்கே எழுதப் போவதில்லை. பழைய பட்டியலில் அந்த ஊர்ப் பாகத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். வீட்டு எண், பேர், அப்பா அல்லது கணவர் பேர், வயசு. ஒரே வீட்டு எண்ணில் இருப்பவர்களைத் தனியாக எழுதினால் குடும்பம் எழுந்து வந்துவிடுகிறது. அவர் பேர் இல்லை. அவள் இருக்கிறாள், வயது 38. அப்படியென்றால் என்னைக் கொடுத்தபோது இருபது. அதே வீட்டில் 71 வயசுக் கிழவி ஒருத்தி. 21 வயசில் ஒரு ஆண், தகப்பன் பேர் என் பத்திரத்தில் இருக்கும் அதே பேர்.

எனக்கு ஒரு அண்ணன்.

நவம்பர் 21, வெள்ளி

ஊர் நிலங்களுக்கான ‘அ’ பதிவேட்டில் கிழவியின் புருஷன் பேரில் கொஞ்சம் நஞ்சை. 1979-இல் ஆரம்பித்த யுடிஆர் என்ற நிலப் பதிவு மேம்பாட்டுத் திட்டக் காலத்துப் பதிவு. பட்டாதாரர் பேருக்குப் பக்கத்தில் த/பெ என்று போடுவதால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம்: கொள்ளுத்தாத்தா பேர் கிடைத்தது. பதிவேட்டில் ஏறினால் ஆண்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். ஆயாக்களைத் தேட வேண்டுமென்றால் திண்ணையில் போய்த்தான் உட்கார வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். நானும் வீட்டுக்காரரும்.

ஊரில் முதல் கேள்வி “யாரு வூட்டுக்கு?” இரண்டாவது “நீங்க இன்னா ஆளுங்க?” இரண்டாவதுக்கு நான் எந்த வீட்டுப் பதிலைச் சொல்வது!

அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். “நெலம்லாம் பாகம் பிரிச்சாச்சும்மா” என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 1989-க்கு அப்புறம் பெண்ணுக்கும் பங்கு என்று ஆன ஊரில் திடீரென்று ஒரு தங்கச்சி வந்து நின்றால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். தத்துப்போன அன்றைக்கே பிறந்த வீட்டுப் பங்கு அற்றுப்போகும், அந்த வீட்டோடு சட்டத்தில் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, கட்டக்கூடாத முறையில் கட்டக்கூடாது என்று விளக்கினேன். “கல்யாணம்தான் ஆயிடுச்சே” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலி வந்தது.

உள்ளே இருந்து ஒரு வயசான அம்மா வந்தார். என்னைப் பெற்றவரின் அக்கா. என்னைப் பெற்றவளின் அம்மாவும் அவரேதான். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டியிருக்கிறார். “நா ஒனக்கு அத்தையும்தான், ஆயாவும்தான். எப்டி வேணா கூப்புடு” என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

பட்டியலில் பார்த்த கிழவி இவருடைய அம்மா. அப்பா வழியில் எனக்கு ஆயா, அம்மா வழியில் கொள்ளுப்பாட்டி.

முன்னோர்கள் பலமனேர் பக்கத்திலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். எப்போது என்றால், “தாது வருசப் பஞ்சத்துல”. அது 1876–77. அத்தையின் தாத்தாவுக்கு அப்பா காலம் என்று வைத்தால் பொருந்துகிறது. ஆனால் இந்தப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் தாது வருஷம்தான் சொல்வார்கள், முழுசாக நம்பிவிட முடியாது. அவர்கள் வந்தபோது மாநிலம் தாண்டவும் இல்லை, மாவட்டம் தாண்டவும் இல்லை. பலமனேரும் வட ஆற்காடுதான், தலைநகரே சித்தூர். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. அத்தை அண்ணனை அதட்டும்போது மட்டும் தெலுங்கு வருகிறது.

பெற்றவளுக்குச் சர்க்கரை இருந்ததாம், நாற்பத்தைந்துக்குள்ளேயே போய்விட்டாள். ஏன் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால் கோடுகள் திரும்பி வந்து முட்டுகின்றன. அத்தை பேரை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. டிஎன்ஏ சோதனை செய்து பார் என்கிறார் வீட்டுக்காரரின் தம்பி. அதில் அத்தை மகன், மாமன் மகன் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொருந்தும் என்பது கணக்கு. எங்களைப் போல மாமன் மருமகள் கட்டிய வீட்டில் அதைவிடக் கூடத்தான் வரும், தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். அத்தை உயிரோடு இருக்கும்போது எச்சிலைக் குப்பியில் அனுப்பிக் கேட்பானேன்? சர்க்கரைக்கு மட்டும் உடனே சோதித்துக்கொள்ளப் போகிறேன்.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

பொங்கல் முடிந்து அண்ணனிடமிருந்து போன். குலதெய்வம் பலமனேர் பக்கம் ஏதோ ஏரிக்கரை அம்மனாம், இவர்களே போய் ரொம்ப வருஷம் ஆகிறதாம். வழி தெரிந்த பங்காளி ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்.

வைக்கும்போது சொன்னது: “வரும்போது அந்தப் பத்திரத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வாம்மா. வூட்ல ஒண்ணு இருக்கட்டும்.”