வைஸின் உயரமும் மாணவரின் ஆர்வமும்

சேலத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் உலோகப் பாகங்களை அராவிப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன். "இந்தப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்ற பேச்சு எங்கள் அறையில் அடிக்கடி எழும். ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, சால்வை போர்த்தி அனுப்புவதுதான் அதற்கு வழக்கமான வைத்தியம். ஆர்வம் வற்றுவதற்கான காரணத்தை நான் பட்டறைக்குள்ளேயே தேடுகிறேன்.

அரத்தால் தேய்த்து அராவுபவரின் முழங்கை மட்டத்தில், உலோகத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருக்க வேண்டும் என்பது தொடக்கப் பாடம்; அதைப் பொருத்திய மேசைகளோ எல்லாருக்கும் ஒரே உயரம். உயரம் குறைந்த மாணவி தோளைத் தூக்கிக்கொண்டு அராவும்போது அரம் மட்டமாக ஓடாமல் ஏறி இறங்குவதால், ஜாபின் (அராவும் துண்டின்) ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடுகிறது. சில நாளில் "எனக்கு இது வராது சார்" என்று அவரே முடிவுகட்டிவிடுகிறார். காலுக்கடியில் ஒரு மரப்பலகை போட்டதும் அதே கைக்கு அரம் அடங்குகிறது. பிறகு, பரப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை ஜாபின் மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எங்கே கீற்று கசிகிறது என்பதை அவரே கண்டுபிடித்து அராவுகிறார். என் தலையசைப்புக்காகக் காத்திருப்பதில்லை. தன்னால் முடிகிறது என்ற உணர்வையும் தானே முடிவெடுக்கும் வாய்ப்பையும் ஊக்கத்தின் அடிப்படைத் தேவைகளாக டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் வைத்ததன் பொருள் எனக்கு விளங்கியது இங்கேதான்.

நுண்ணிய அளவெடுக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரில் சிக்கல் வேறு. 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்து 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால், எழுத்தும் எண்ணும் தடுமாறுபவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கற்றல் குறைபாட்டையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைக் குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றிதழோடு வருபவர் அரிது. ஆகவே அதே கணக்கை எளிதாக்கி, 9 பங்கை 10 பாகமாக்கிய பெரிய அட்டை மாதிரியை எல்லார் கையிலும் கொடுத்து நகர்த்தச் சொல்கிறேன். விடையை எழுதலாம், வாயாலும் சொல்லலாம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருபவர்கள் பேருந்து தாமதித்தால் முதல் செய்முறை விளக்கத்தைத் தவறவிடுவார்கள் என்பதால், விளக்கத்தை இரண்டாம் மணி நேரத்துக்கு மாற்றிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிற்றரம் பழகிய பொருள், முரட்டு அரம் புதிது. அவர்களை மட்டும் நுண் அராவலில் தொடங்கவிடுகிறேன். பாடத்திட்ட வரிசை இதனால் சற்றுக் கலையத்தான் செய்கிறது. தேர்வுக்குள் எல்லாப் பயிற்சிகளும் முடிந்துவிடுவதால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை.