அம்மாவின் விரல்ரேகை
கனடா விசாவுக்காக அம்மாவைத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அழைத்துச் சென்றபோது, திருக்கடலூரில் நாற்பது ஆண்டுகளாக வலை பின்னியும் மீனுக்கு உப்பிட்டும் தேய்ந்துபோன அவருடைய விரல்களை அந்தக் கருவி மூன்று முறை ஏற்க மறுத்தது. "என்ர ரேகையெல்லாம் வலையோட போட்டுது, தம்பி" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரேகையின் வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்னும் புள்ளிகளை வைத்தே கருவி ஆளை அடையாளம் காண்கிறது என்பதால், வரிகள் தேய்ந்தாலோ தோல் வறண்டாலோ ஒப்பிடுவதற்கு அதற்குப் போதிய புள்ளிகள் கிடைப்பதில்லை. உழைத்த கைகளையே இந்த முறை அதிகம் சந்தேகிக்கிறது என்பது என் எண்ணம்.

2018 டிசம்பர் 31 முதல் இலங்கையரிடமும் கனடா பத்து விரல்களின் பதிவையும் முகப்படத்தையும் பெறுகிறது. வருகையாளர் ஒருமுறை கொடுத்தால் அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ரொறொன்ரோவில் இறங்கும்போது அந்தப் பதிவோடு அவரை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 80 வயதை எட்டிய வருகையாளருக்கு விலக்கு உண்டு, ஆனால் அம்மாவுக்கு 71தான். பாரிசுக்கும் போக ஆசைப்படுகிறார். அங்கும் 2025 அக்டோபர் 12 முதல், கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கத்துக்குப் பதிலாக, முகப்படத்தோடு கூடிய மின்னணுப் பதிவு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

நான்காம் முறை, ஈரத்துணியால் துடைத்து அழுத்தி வைத்த பிறகே பதிவு விழுந்தது. இப்போது பயணநாள் வரை ஒவ்வோர் இரவும் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார்.