ஃபோர்க்கில் இறுகிப்போன ஸ்டெம்மை எடுத்த அனுபவம்

பழைய எஃகு சைக்கிள் ஒன்றைப் பிரித்துச் சீர்செய்யும் வேலையில் இப்போது முன்பக்கத்துக்கு வந்திருக்கிறேன். பின்சக்கரமும் பெடல் அச்சும் பிரேக்குகளும் அதிகம் முரண்டு பிடிக்காமல் கழன்றுவிட்டன. ஹேண்டில்பாரைத் தாங்கும் அலுமினிய ஸ்டெம் மட்டும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டுக் குழாய்க்குள் அசையாமல் நின்றுவிட்டது. இப்போது அதை வெளியே எடுத்தாகிவிட்டது. ஃபோர்க்குக்குச் சேதம் இல்லை. எந்த வரிசையில் செய்தேன், ஏன் அந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் கை போவது சுத்தியலின் மேல்தான். பெரும்பாலான ஃபோர்க்குகள் கெடுவதும் அந்த இடத்தில்தான்.

கருவியைத் தொடும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். ஸ்டெம் போனால் போகட்டும், ஃபோர்க் போகக் கூடாது. 22.2 மி.மீ. விட்டமுள்ள ஸ்டெம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. தண்டின் நீளம், மரையின் நீளம், கால்களின் வளைவு, பிரேக் எட்டும் தூரம் எல்லாம் இதே ஃபிரேமுக்குப் பொருந்துகிற ஃபோர்க்கைத் தேடிப் பிடிப்பதோ பெரும்பாடு. அதோடு, ஓட்டுபவர் ஃபோர்க்கின் அந்த ஒற்றைத் தண்டுக் குழாயை நம்பித்தான் முன்னால் சாய்கிறார். அதன் வெளிவிட்டம் 25.4 மி.மீ., உள்விட்டம் 22.2 மி.மீ. ஆக, சுவரின் கனம் 1.6 மி.மீ. மட்டுமே. மரை வெட்டிய மேற்பகுதியில் ஏறக்குறைய 1 மி.மீ.தான் மிஞ்சும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் எங்கே எவ்வளவு பலம் காட்டலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பிடித்திருப்பது எது?

இந்த வகை ஸ்டெம்மின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட போல்ட் போகிறது. அதன் அடியில் சாய்வாக வெட்டிய ஓர் ஆப்பு. போல்ட்டை இறுக்கினால் ஆப்பு மேலேறும். ஸ்டெம்மின் சாய்ந்த அடிமுனையில் சறுக்கிப் பக்கவாட்டில் விலகிக் குழாயின் சுவரை அழுத்தும். சில ஸ்டெம்களில் ஆப்புக்குப் பதிலாகக் கூம்பு இருக்கும். அவற்றில் ஸ்டெம்மின் அடிப்பகுதி கீறிவிடப்பட்டிருக்கும். கூம்பு ஏறும்போது அது விரிந்து பிடிக்கும். என்னுடையது ஆப்பு வகை.

முதல் பூட்டு இது. இரண்டாவது பூட்டை யாரும் போடவில்லை, அது தானாக உண்டானது. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, நடுவே வியர்வையோ மழைநீரோ இறங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கும். இந்தச் சேர்க்கையில் அரிபடுவது அலுமினியம். அதிலிருந்து உருவாகும் வெள்ளை ஆக்சைடு, கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். ஏற்கெனவே இடைவெளி இல்லாத குழாய்க்குள் அது வீங்கினால் போக வேறு வழியில்லை. சுவரை நெருக்கிக்கொண்டு உறைந்துவிடும். தண்டுக் குழாயின் உச்சியில் உள்ள மேல் நட்டை ஒட்டி ஸ்டெம்மைச் சுற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. அதைப் பார்த்தவுடனேயே வேலை நீளும் என்று புரிந்துவிட்டது.

முதல் பூட்டு

ஆப்பை இறக்குவது எளிது, ஆனால் கவனம் வேண்டும். போல்ட்டை முழுவதும் கழற்றக் கூடாது. நான்கைந்து சுற்று தளர்த்தினால் அதன் தலை சில மில்லிமீட்டர் மேலே எழும். அதன்மேல் மரக்கட்டையை வைத்து அதைத்தான் அடிக்க வேண்டும். அதற்கு மேல் தளர்த்திவிட்டு அடித்தால், ஆப்பில் மிஞ்சியிருக்கும் இரண்டொரு மரைகள் வழித்துக்கொண்டு போய்விடும்.

அடி எங்கே போய் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்சக்கரம் இல்லாமல் ஃபோர்க் அந்தரத்தில் தொங்கும்போது அடித்தால், அந்த அதிர்ச்சி, ஃபோர்க் ஃபிரேமுக்குள் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டின் மேல் பேரிங்கில் விழும். குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்துவிடும். சக்கரத்தோடு அடித்தால் டயர் பாதி அடியை விழுங்கிவிடும். அதனால் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் தோள்பகுதிக்கு அடியில் தடித்த மரக்கட்டை ஒன்றைத் தரையிலிருந்தே முட்டுக் கொடுத்தேன். அப்படி வைத்தபின் அடி நேராகப் போல்ட், ஆப்பு, குழாய், கட்டை, தரை என்று இறங்கும். பேரிங் அந்த வழியிலேயே இல்லை. சில அடிகளில் போல்ட்டின் தலை சட்டென்று கீழே அமர்ந்தது, போல்ட் உள்ளே ஆட ஆரம்பித்தது. ஆப்பு இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆரோக்கியமான சைக்கிளில் இதற்குப் பிறகு ஹேண்டில்பாரைத் திருகினாலே ஸ்டெம் வந்துவிடும். இதில் மயிரிழைகூட அசையவில்லை.

எண்ணெய், குளிர், முறுக்கு

துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்து மட்டும் விடுகிறவர்கள்தான் அதிகம். பல ஃபோர்க்குகளில் தண்டுக் குழாயின் அடி திறந்தே இருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அந்தத் துளை வழியாக விட்டால் ஸ்டெம்மின் அடிமுனையில் எண்ணெய் குளமாகத் தேங்கி நிற்கும். ஓரிரவு அப்படி, மறுநாள் நிமிர்த்தி மேலிருந்து, இடையிடையே மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுவது என்று மாற்றி மாற்றிச் செய்தேன். அலுமினிய ஆக்சைடை இந்த எண்ணெய் கரைக்காது. விரிசல் இருந்தால் அதற்குள் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். அதனால் விரிசலை உண்டாக்குவதுதான் நம் வேலை.

சூடாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு டிகிரி செல்சியஸுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் விரியும், எஃகு சுமார் 12. உள்ளே அலுமினியம், வெளியே எஃகு என்னும்போது சூடு ஏறினால் பிடி இன்னும் இறுகும். குளிர்ந்தால்தான் தளரும். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு, ஸ்டெம்மின் துளைக்குள் குளிர்விக்கும் ஸ்பிரேயை அடித்தேன். வெப்பநிலை 50 டிகிரி இறங்கியதாக வைத்துக்கொண்டாலும், 22.2 மி.மீ. விட்டத்தில் இரண்டு உலோகங்களுக்கும் உண்டாகும் வேறுபாடு 0.012 மி.மீ.தான். ஸ்டெம்மை விடுவிக்க அது போதாது. எண்ணெய் நுழைய உதவும். ஸ்பிரே அடித்தவுடன் எண்ணெய் விடுவது என்று தொடர்ந்ததில், கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஸ்டெம்மின் அடிவிளிம்பில் சாம்பல் நிறத்தில் குழம்பு போன்ற கசிவு தெரிந்தது. ஆக்சைடும் எண்ணெயும் கலந்து வந்திருக்கின்றன. அடிப்பகுதியிலாவது பிடி விட்டிருக்கிறது என்று ஊக்கம் பிறந்தது.

அடுத்தது முறுக்கு. சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகுவது எல்லோரும் சொல்லும் வழி. இறுகிய ஸ்டெம்முக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். திருகும் பலம் முழுவதும் ஃபோர்க்கின் மெல்லிய கால்கள் வழியாகப் போகிறது. கால் முறுகினால் சைக்கிள் ஒரு பக்கமாகவே இழுக்கும். தோள்பகுதியின் வடிவத்துக்கு இரண்டு மரத்துண்டுகளைச் செதுக்கி, அவற்றுக்கு நடுவே தோளைப் பெஞ்ச் வைஸில் பிடித்தேன். கால் நுனிகள் நெருங்கிவிடாமல் இருக்கப் பழைய சக்கர அச்சு ஒன்றை அங்கே பூட்டினேன். பிறகு இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைத் திருகினேன். ஹேண்டில்பார் ஸ்டெம்மின் பிடிக்குள் சுழலத் தொடங்கியதே தவிர ஸ்டெம் அசையவில்லை. அங்கே நிறுத்திவிட்டேன். இன்னும் நீளமான கம்பியைச் செருகி நெம்பியிருக்கலாம். ஆனால் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாத நிலையில் பலத்தைக் கூட்டுவது சூதாட்டம்.

காஸ்டிக் சோடாவைப் பற்றியும் யோசித்தேன். அது அலுமினியத்தைக் கரைக்கும், எஃகைத் தொடாது. வேதியியலாகப் பார்த்தால் அருமையான தீர்வு. ஆனால் கரையும்போது நன்றாகச் சூடேறும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஃபோர்க்கின் பெயிண்டையும் உரித்துவிடும். இந்த ஃபோர்க்கின் பழைய பெயிண்ட் எனக்குப் பிடித்திருக்கிறது. வேண்டாம் என்று விட்டேன்.

வெட்டு

ஸ்டெம்மை அறுக்கத் தயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெம் மாட்டியிருக்கும்வரை ஃபோர்க்கும் ஃபிரேமுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. மேல் நட்டைக் கழற்றினாலும் ஸ்டெம்மின் வளைவைத் தாண்டி அதை வெளியே எடுக்க முடியாது. அறுத்துவிட்டால் நட்டு மேலே வந்துவிடும், ஃபோர்க் கீழே இறங்கிவிடும், பேரிங்குகள் பத்திரமாக டப்பாவுக்குள் போய்விடும். அதன்பின் கையில் இருப்பது ஒரு ஃபோர்க்கும் ஓர் அலுமினியத் துண்டும் மட்டுமே. சிக்கல் பாதியாகிவிடுகிறது. வளைவுக்குக் கீழே, நேரான பகுதியில் மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி அறுத்தேன். பின்னால் பிடிக்க அது தேவைப்படும்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். ஸ்டெம்மின் மேற்பாதியில் போல்ட் போகும் அளவுக்கு மட்டுமே துளை இருந்தது, சுவர் மிகத் தடிப்பு. அந்தத் துளையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, டிரில்லில் ஒவ்வொரு முறையும் சற்றே பெரிய பிட்டைப் போட்டு 18 மி.மீ. வரை அகலப்படுத்தினேன். சுற்றிலும் 2 மி.மீ. அலுமினியம் மிஞ்சியது. பிறகு, சட்டத்திலிருந்து கழற்றிய ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, உள்ளேயிருந்து நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுக்கத் தொடங்கினேன். ஓர் அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடு அலுமினியத்துக்கு ஏற்றது. நெருக்கமான பல்லில் தூள் அடைத்துக்கொள்ளும். பற்கள் இழுக்கும்போது வெட்டும்படி திருப்பிப் பிடித்தேன்.

எந்தப் பக்கம் அறுப்பது என்பது முக்கியம். ஓடும்போது தண்டுக் குழாய் முன்னும் பின்னுமாகத்தான் வளைய முயல்கிறது. அதனால் அழுத்தம் மிகுதியாக இருப்பது முன்புறத்திலும் பின்புறத்திலும். இரு பக்கவாட்டுகளிலும் குறைவு. தப்பித்தவறிப் பிளேடு எஃகைக் கீறினாலும் அது பக்கவாட்டில் இருக்கட்டும் என்று, ஒரு காலுக்கு நேர் மேலே கோடு வருமாறு அடையாளம் வைத்தேன்.

அவசரமே கூடாத கட்டம் இது. அலுமினியத்தை அறுக்கும்போது பிளேடு மெத்தென்று கடிக்கும், வெள்ளிபோல் மின்னும் கனமான துகள் விழும். எஃகை நெருங்கும்போது முதலில் மாறுவது சத்தம். மந்தமான உரசல் மெல்லிய கீச்சொலியாக மாறும். பல் கடிக்காமல் வழுக்கும். துகளில் கருமை சேரும். அதற்கு முன்பே, அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே இருக்கும் ஆக்சைடுப் படலத்தை எட்டியபோது மாவுபோல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அந்தத் தூளைக் கண்டதும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு விரற்கடை கீழே போவேன். மரை இருக்கும் மேற்பகுதியில் இன்னும் மெதுவாக, கடைசிப் படலத்தை அறுக்காமலே விட்டேன்.

முழு நீளமும் அறுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். மூன்றில் இரண்டு பங்கு போனதும் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். ஃபோர்க்கின் தோள் அதே மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டைப் பெரிய பைப் ரெஞ்சால் இறுகப் பிடித்தேன். ரெஞ்ச் நெரித்ததும் கோடு மூடத் தொடங்கியது. பிளேடு போட்ட கோட்டின் அகலம் சுமார் 1 மி.மீ. அது முழுவதும் மூடினால் சுற்றளவு 1 மி.மீ. குறையும், விட்டம் 0.3 மி.மீ. குறையும். குளிரவைத்துப் பெற்ற 0.012 மி.மீ.யோடு ஒப்பிட்டால் இது 25 மடங்கு. திருகினேன். காய்ந்த மரம் பிளப்பதுபோல் ஒரு முறிவுச் சத்தம், கால்வாசிச் சுற்று நகர்ந்தது. எண்ணெயை விட்டு முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி மேலே இழுத்ததில் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

வெளியே வந்த துண்டைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். அடிப்பகுதி எண்ணெய் நனைந்து வழவழப்பாக இருக்கிறது. மேலே, மரைப்பகுதிக்கு நேராக, அலுமினியம் குழி குழியாக அரித்து வெள்ளைப் பொருக்கு தடிப்பாக ஒட்டியிருக்கிறது. கீழிருந்து எவ்வளவு எண்ணெய் விட்டும் ஸ்டெம் ஏன் அசையவில்லை என்பதற்கு அந்தப் பொருக்கே விடை. வியர்வை இறங்குவது மேலிருந்து. பூட்டு விழுந்ததும் அங்கேதான்.

சோதித்தது, இனி மாட்டப்போவது

உருட்டுக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்தேன். பிளேடு சென்ற பாதையை வெளிச்சம் அடித்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் தட்டும்படியான கீறல் இல்லை. நகம் மாட்டும் அளவுக்குக் குறுக்குவாட்டில் ஒரு வெட்டாவது இருந்திருந்தால் அந்த ஃபோர்க்கில் நான் ஏறமாட்டேன். சக்கரத்தை மாட்டிப் பார்த்ததில் இரு கால்களுக்கும் சரிநடுவே நிற்கிறது.

புதிய ஸ்டெம் வாங்கும் முன் பழையதை வெர்னியரால் அளந்துகொள்ள வேண்டும். பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 22.0 மி.மீ. ஸ்டெம் உண்டு, அந்தக் குழாயில் 22.2 மி.மீ. ஸ்டெம்மை அடித்து இறக்கினால் அரிப்பு இல்லாமலே இறுகிவிடும். பழைய அமெரிக்க சைக்கிள்கள் சிலவற்றில் 21.1 மி.மீ. என்னுடைய பழைய ஸ்டெம்மின் அரிக்காத அடிப்பகுதி 22.2 காட்டியது.

புதியது வந்ததும் அதன் உடல் முழுவதும், ஆப்பின் சாய்வு, போல்ட்டின் மரை, போல்ட் தலையின் அடிப்பக்கம் என எல்லா இடத்திலும் கிரீஸ் பூசி இறக்கப்போகிறேன். ஸ்டெம்மில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் பூசுவதாக இருக்கிறேன். போல்ட் தலைக்கு ஒரு ரப்பர் மூடியும், முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் ஏறாதபடி குழாயின் அடிக்கு ஒரு அடைப்பும் தயார். அடைப்பின் நடுவே சிறு துளை விட்டிருக்கிறேன், மேலிருந்து எப்படியாவது இறங்கிவிட்ட ஈரம் வெளியேற வேண்டுமே. ஹெட்செட் குண்டுகளை இப்போது மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். அடுத்து அந்த வேலைதான்.