பாக்கெட்டின் பின்பக்கம்

எங்கள் மளிகைக்கடை கவுந்தப்பாடியிலிருந்து கோபி போகிற ரோட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் தொங்குகிற அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட் சரங்களில்தான் பாதி வியாபாரம். இப்போதெல்லாம் வாட்ஸப்பில் எதையாவது பார்த்துவிட்டு வந்து, "ஏனுங்கக்கா, இதுல 635 இருக்குதுங்ளா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் சிப்ஸைக் கொளுத்திக் காட்டி பிளாஸ்டிக் என்றே சாதித்தார். எண்ணெயில் பொரித்தது எரியாமல் என்ன செய்யும்? தீபாவளிக்கு நாம் சுடும் முறுக்கைக் கொளுத்தினாலும் எரியும்.

பாக்கெட்டின் பின்பக்கம் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். ருசிக்கும் நிறத்துக்கும் கெடாமல் இருக்கவும் சேர்ப்பவற்றை அதில் இப்படி நம்பரில் போடுவார்கள். 635, 621 இரண்டும் ருசி கூட்டச் சேர்ப்பவை. 330 என்றால் எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம். 319 எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க. அனுமதித்த அளவில் இருந்தால் இவற்றுக்கு நான் பெரிதாக மிரளுவதில்லை. நிறமிகள் விஷயம் வேறு. 102, 110 போன்றவை சேர்த்த தின்பண்டத்தில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று 2010 முதல் ஐரோப்பாவில் அச்சடித்தாக வேண்டும். இங்கே செயற்கை நிறம் சேர்த்திருக்கிறது என்று போட்டால் போதும்.

யாரும் கேட்காதது அந்தப் பட்டியலின் முதல் வரிதான். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். படித்துப் பாருங்கள்: மைதாவோ உருளைக்கிழங்கோ, அடுத்தது பாமாயில், அப்புறம் உப்போ சர்க்கரையோ. பிள்ளை வயிற்றுக்குள் நிறையப் போவது இவைதான், கடைசி வரியில் இருக்கிற நம்பர்கள் இல்லை. உப்பு எவ்வளவு என்று நேராகப் போடாமல், சத்து அட்டவணையில் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால், 30 கிராம் பாக்கெட்டில் 0.6 கிராம் உப்பு. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு பாக்கெட் தின்ற பையனுக்கு அதில் கால்வாசி கிட்ட முடிந்துவிடும், வீட்டுச் சோறு குழம்பு தனி.

மிட்டாய்களில் இன்னொரு சிக்கல். 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத சின்ன உறைகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று போட வேண்டியதில்லை, மொத்தமாக வரும் டப்பாவில் இருந்தால் போதும். டப்பா என் பக்கம் இருக்கிறது, மிட்டாய் குழந்தை கையில். படிப்பது யார்? கேட்டால் டப்பாவைத் திருப்பிக் காட்டுவேன்.

அதுக்காக லேபிள் இல்லாத தின்பண்டமெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. துணிச்சாயமான ரோடமின் பி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். அது லேபிள் ஒட்டியா விற்றது?

நாட்டுச் சர்க்கரைக்குப் பேர் போன ஊர் இது. பளிச்சென்று வெளுக்க ஹைட்ராஸ் என்கிற ரசாயனம் போடுகிற ஆட்களும் உண்டு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கருத்த சர்க்கரையை நிறுத்துப் போடப் போனால், 635 கேட்ட அதே ஆள், "இது அழுக்கா இருக்குதுங்கக்கா, நல்லா மஞ்சளா இல்லீங்ளா?" என்பார்.