ஸ்ப்ரே கேட்கலை என்று வருகிறவர்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில், மூக்கு ஒவ்வாமை (அலர்ஜி) உள்ளவர்களிடமிருந்து அடிக்கடி காதில் விழும் புகார் இது: "மாத்திரை போட்டா தும்மல் நிக்குது, அடைப்பு மட்டும் போகலை. ஸ்ப்ரேயும் கேட்கலை."

முதல் பாதி சரியான கவனிப்பு. தூசிப்பூச்சியின் கழிவு மூக்குச் சவ்வில் பட்டதும், மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கிறது. செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் அடுக்குத் தும்மல், அரிப்பு, தண்ணீராய் ஒழுகல். செட்டிரிசின் மாத்திரை அடக்குவது இதைத்தான். நாலைந்து மணி நேரம் கழித்து ஈஸினோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிந்து சவ்வு வீங்குவது அடுத்த கட்டம். அந்த அடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் மருந்து.

அது ஏன் கேட்கவில்லை? எதிரிலேயே அடித்துக்காட்டச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். தலையை அண்ணாந்து, வலது மூக்கில் வலது கையாலேயே அடித்து, 'சர்'ரென்று உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடும். மிச்சம் நடுச்சுவரில் பட்டு, நாளடைவில் ரத்தம் கசியும். தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். வலது மூக்குக்கு இடது கை, நுனி அதே பக்கக் காதைப் பார்க்கட்டும், மூச்சை மெல்ல இழுத்தால் போதும். புதுப் பாட்டிலைக் குலுக்கி, பனிபோலச் சீராக வரும்வரை முதலில் காற்றில் அடிக்க வேண்டும். ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாகத் துளைக்கு 2 அடி, தினம் ஒரு வேளை. ஓர் அடி 50 மைக்ரோகிராம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். நாலாம் நாளே நிறுத்தியவரிடம் மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்?

நிறுத்தியவர் நேரே மெடிக்கலில் சைலோமெட்டாசோலின் சொட்டு வாங்குவார். ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறக்கும், வம்பே அதுதான். ஐந்து நாளைத் தாண்டினால் சொட்டு இல்லாமல் மூக்கு திறக்காத நிலைக்கு வந்துவிடுவார். மாண்டெலுகாஸ்ட் என்ற ஒவ்வாமை மருந்து சேர்ந்த மாத்திரையைக் கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. மனநிலை மாற்றங்களுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. முதல் மருந்தாக அதை எழுதத் தேவையில்லை.

எதற்கு ஒவ்வாமை என்று கண்டறியும் தோல் குத்துப் பரிசோதனைக்குச் செட்டிரிசினை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு வைக்கும் ஹிஸ்டமின் சொட்டே தடிக்காது. அன்றைய சோதனை வீண்.

உப்புநீரில் மூக்கு கழுவுகிறவர்கள் (கொதித்து ஆறிய 240 மி.லி. நீர், அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா) கழுவிய பிறகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பலரும் செய்வது தலைகீழ். அடித்த மருந்தைத் தாங்களே கழுவி வாஷ்பேசினில் விடுகிறார்கள்.