போயேல்ஸ் வரிசையைக் கோரையிலிருந்து தொடங்குங்கள்

எம்.எஸ்சி. தாவரவியலுக்கோ முதுநிலை ஆசிரியர் தேர்வான பிஜி டிஆர்பிக்கோ படிப்பவர்களை ஒருவித்திலைத் தாவரங்களில் அதிகம் மலைக்க வைப்பது, புல்லும் கோரையும் அடங்கிய போயேல்ஸ் வரிசை (ஆர்டர்). பூக்கும் தாவரங்களுக்காக 2016-இல் வந்த ஏபிஜி 4 வகைப்பாட்டில் இதற்கு 14 குடும்பங்கள், 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள். ஆனால் புல் குடும்பமான போயேசியில் மட்டுமே சுமார் 12,000 இனங்கள், கோரைக் குடும்பமான சைப்பரேசியில் சுமார் 5,500. இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பெரும்பாரம் இறங்கிவிடும்.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குப் பாடம் புரிந்தது வயல் வரப்பில்தான். ஒரு அருகம்புல்லையும் ஒரு கோரையையும் வேரோடு பிடுங்கிப் பக்கத்தில் வையுங்கள். கோரைத் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். இலைகளும் மூன்று வரிசை. இலையுறை மூடிய குழாயாகத் தண்டைச் சுற்றியிருக்கும். புல்லின் தண்டோ உருண்டை, இலைகள் இரண்டு வரிசை, உறை பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும். உறையும் இலைப்பரப்பும் சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு விளிம்புதான் லிக்யூல். அருகம்புல்லில் அது மயிர் வரிசையாகத் தெரியும்.

அப்புறம் பூக்கும் பருவத்து நெற்கதிர். ஒரு சிறுகதிரை ஊசியால் பிரித்தால் லெம்மா (வெளி உமி), பேலியா (உள் உமி), பூவை விரியவைக்கும் இரண்டு சிறு செதில்களான லோடிக்யூல்கள், உள்ளே 6 மகரந்தத்தாள்கள். பெரும்பாலான புற்களுக்கு 3 தான் என்பதால் நெல்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் வருவது வகைப்பாட்டில். வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்த பழைய பென்தம்–ஹூக்கர் முறையில் புல்லும் கோரையும் குளுமேசியே, அன்னாசி எபிகைனே, நீர்நிலைகளில் வளரும் சம்பு நூடிஃப்ளோரே என்று தனித்தனித் தொகுதிகள். டிஎன்ஏ ஆதாரத்தை வைத்து ஏபிஜி இந்தத் தாவரங்கள் எல்லாவற்றையும் போயேல்ஸுக்குள் கொண்டுவந்தது. இரண்டு முறைகளையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதி வைப்பது நல்லது. அன்னாசிக் குடும்பம் எனக்கு மிகவும் பிடித்தது: ஏறத்தாழ எல்லா இனங்களும் அமெரிக்கக் கண்டங்களில் இருக்க, பிட்கேர்னியா ஃபெலிசியானா மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவில் வளர்கிறது. தாவரப் பரவல் கேள்விக்கு அருமையான உதாரணம்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தையும் இங்கேயே இணைத்துவிடுங்கள். கரும்பும் மக்காச்சோளமும் சி4 (முதலில் நான்கு கார்பன் சேர்மம் உருவாகும் வகை), நெல்லும் கோதுமையும் சி3 (மூன்று கார்பன் சேர்மம்). புல் குடும்பத்துக்குள்ளேயே சி4 இருபது முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒரே பண்பு தனித்தனியாகப் பலமுறை தோன்றும் குவிப் பரிணாமத்துக்கு உதாரணம் கேட்டால் தயங்காமல் இதை எழுதலாம்.